காதம்மா போன கச்சேரி

காதம்மாவுக்குப் பொறாமை புதிதில்லை. மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள். அக்காவுக்கு எல்லாம் முதலில் கிடைத்தது, தங்கைக்கு எல்லாம் கூடுதலாகக் கிடைத்தது, இவளுக்கு அளவாகக் கிடைத்தது. வீட்டில் யாரும் அவளை ஒதுக்கவில்லை, அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாததுதான் அவளுக்குப் பெரிய குறை. பத்து வயதில் தங்கை தட்டில் விழுந்த அப்பளத் துண்டு தன்னுடையதைவிடப் பெரிது என்று அரை நாள் பேசாமல் இருந்தவள், நாற்பத்தெட்டு வயதிலும் அப்படித்தான் இருந்தாள். வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளக் கற்றிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் வேலை பார்த்தது ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில், மாடியில், கழிப்பறைக்கு அடுத்த கடைசி அறையில். அறைக்குள் கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு ஒன்று. சத்தம் புகாதபடி உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. நோயாளியை அதற்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, இவள் வெளியே மேசையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவாள். மெல்லிய சத்தங்கள் போகும். கேட்டால் அவர்கள் கை தூக்க வேண்டும். காது மிஷின் தேவைப்பட்டால் காதுக்குள் பிசைந்த மாவு மாதிரி ஒன்றை வைத்து அச்செடுப்பாள், மிஷினைக் கணினியில் மாட்டி அந்தக் காதுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்குவாள். நோயாளிகள்தான் அவளுக்குக் காதம்மா என்று பேர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இப்போது சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பேர் இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவள் முன்னால் முதன்முதலாகக் குழந்தையின் குரலைக் கேட்டு விசும்பியிருக்கிறார்கள். விசும்பி முடித்ததும் நேராகக் கீழே இறங்கிப் போய் டாக்டருக்கு நன்றி சொல்வார்கள். டாக்டர் மேசையில் பழக்கூடை, பூங்கொத்து. காதம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு காலண்டர், அதுவும் பேட்டரிக் கம்பெனிக்காரன் எல்லாருக்கும் கொடுப்பது.

இப்படிப்பட்ட அறைக்குத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கடைசி டோக்கன் வாங்கிக்கொண்டு, பேராசிரியர் வந்தார். காதை மூடும் அளவுக்கு வளர்ந்த வெள்ளை முடி. அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் ஒரு பாட்டைப் போட்டு அதைப் பிரித்துப் பிரித்து விளக்குவாரே, ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்குமே, அந்த மனிதர். கூட்டத்தில் பத்து வயலின் வாசித்தாலும் எந்த வயலினில் எந்தக் கம்பி மயிரிழை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று பேர். காதம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோ என்றால் அவள் கணவருக்குச் செய்தி. கணக்கு வாத்தியார். அவருக்குப் பாட்டு என்பது இரண்டு செய்திக்கு நடுவில் வரும் தொந்தரவு.

கூண்டுக்குள் உட்கார்ந்த பேராசிரியர் தவறாமல் கை தூக்கினார். கனத்த சத்தம், நடுச் சத்தம், கீச்சுச் சத்தம் எல்லாவற்றுக்கும். எழுபது வயதுக்காரருக்கு இவ்வளவு நல்ல காதா என்று காதம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். உள்ளே சரியான நேரத்தில் கை எழுந்தது.

கதவைத் திறந்தாள். "ஐயா, நான் இப்போ எதையுமே அனுப்பலையே."

பிடிபட்ட பள்ளிப் பிள்ளை மாதிரி அவர் சிரித்தார். "நீங்க அஞ்சு எண்ணிக்கைக்கு ஒரு தடவை அமுக்குறீங்கம்மா. முதல் நாலஞ்சுலயே புடிபட்டுடுச்சு. அப்புறம் எண்ணிக்கிட்டே கை தூக்கினேன்."

"டெஸ்ட்டுக்கு வந்து காப்பி அடிப்பாங்களா?"

"எப்படியாவது பாஸாயிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்."

மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை தாறுமாறாக அமுக்கினாள். காகிதத்தில் கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய், அப்புறம் படியில் தவறி விழுந்தவன் மாதிரி விழுந்தது. கீச்சுச் சத்தங்கள் அவருக்கு அனேகமாகக் கேட்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவர் தான் யாரென்று சொன்னார். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்மா" என்றார். "என் பிழைப்பே இந்தக் காதுதான்."

நம்ம ரெண்டு பேருக்குள்ளயே. காதம்மாவின் வாழ்க்கையில் அவளுக்கென்று தனியாக யாரும் எதையும் கொடுத்ததில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் பங்கு இல்லாத ஒன்று, டாக்டருக்குக்கூடப் பங்கு இல்லாத ஒன்று, முதன்முதலாகக் கைக்கு வந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் அவர் வருவார். அவள் அவருக்குப் போட்டுவிட்ட காது மிஷினுக்கு ஒரு அசட்டுப் புத்தி உண்டு: நீளமாக ஒரே சுருதியில் வரும் சத்தத்தைக் கேட்டால் தன்னிடமிருந்தே கிளம்பும் ஊளைச் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். புல்லாங்குழல் ஒரு ஸ்வரத்தில் நின்றால் போதும், அவர் காதில் அது நடுங்கிக் குழறும். காதம்மா இதற்காகவே புல்லாங்குழல் பதிவுகள் வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் மிஷினைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். பாட்டுக்கென்று தனி அமைப்பு ஒன்று செய்தாள். ஒரு தடவை கூட்டினாள், மறு தடவை குறைத்தாள். அவருடைய புத்தகங்களை வாங்கிப் படித்தாள். பாதி புரியவில்லை. புரியாத பாதியை அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டாள். அவர் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே முனகிக் காட்டுவார். போகும்போது, "என் காதுக்கு வாசல்படி நீங்கதாம்மா" என்பார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் மூன்று மாதம் ஓட்டுவாள்.

ஒரே ஒரு விஷயத்தில் சண்டை. மிஷினைக் கணினியில் மாட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார் என்று காட்டிவிடும்.

"காலைல எட்டுலேருந்து ராத்திரி பத்து வரைக்கும் போட்டுக்கிறேன்னு சொல்றீங்க. பதினாலு வரணும். பன்னிரண்டுதான் வருது."

"மத்தியானம் கொஞ்சம் தூங்குறேன்மா. வயசாகுது இல்ல?"

"சரி, தூங்குங்க" என்று விட்டுவிடுவாள்.

அவரிடம் பாட்டுப் படித்த பெண் ஒருத்தியைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். பேர் வாங்கிய பாடகி. "அவ குரல் இருக்கே" என்று ஆரம்பித்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பக் காதம்மா பேட்டரியைக் கீழே போட வேண்டியிருக்கும். தேடி எடுப்பதற்குள் அவர் மறந்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக் கேண்டீனில் யாரோ விரித்துப் படித்த செய்தித்தாளின் பின்பக்கத்தில் படத்தைப் பார்த்துத்தான் காதம்மாவுக்குத் தெரிந்தது. இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. போய் யாரென்று சொல்வது? அவர் மனைவி முன்பே காலமாகிவிட்டார், ஒரே மகன் வெளிநாட்டில். அன்று மாலை ஏழு பேருக்குக் காது பார்த்தாள். ஏழு பேரிடமும் எரிந்து விழுந்தாள்.

மூன்று மாதம் கழித்து நினைவுக் கச்சேரி என்று அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி, அனுமதி இலவசம். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். கணவர் கேட்டார்: "திடீர்னு என்ன சங்கீதம்?"

"தெரிஞ்சவர். நம்ம பேஷண்ட்டு."

"பேஷண்ட்டுக்கெல்லாம் கச்சேரிக்குப் போறதா இருந்தா தினமும் போகணுமே" என்றார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

அரங்க வாசலில் கையில் பட்டியலோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். "நீங்க யார் பக்கம்? குடும்பமா, மாணவர்களா, ரேடியோவா?"

காதம்மா யோசித்தாள். எந்தப் பக்கமும் இல்லை. "சும்மா கேக்க வந்தோம்" என்றாள்.

"அப்போ பொது. அஞ்சாவது வரிசைக்குப் பின்னாடி எங்க வேணா உக்காருங்க."

பதினோராவது வரிசையில் இடம் கிடைத்தது. முன்னால் ஒரு ஆஜானுபாகு. மேடையில் பேராசிரியர் படம், காது தெரியாமல் முடி மறைத்த படம். முன் வரிசைகளில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்னை அவர் மகனாவே நெனச்சார்" என்று ஒருத்தர் சொல்வது இங்கே வரைக்கும் கேட்டது. காதம்மா அந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெனச்சிருப்பார், நெனச்சிருப்பார் என்று மனசுக்குள் கறுவினாள். உங்களில் யாருக்காவது அவருடைய இடது காது வலதைவிடக் குறுகல் என்று தெரியுமா?

அந்த நினைப்பு இனித்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். முதலில் புல்லாங்குழல், அப்புறம் வயலின். கணவர் புல்லாங்குழலிலேயே தூங்கிவிட்டார்.

பாடகி மேடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், நிமிர்ந்த கழுத்து, வெள்ளைப் புடவை. பாடுவதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள்.

"இதை எட்டு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்குச் சொன்னா அவர் கோவிச்சுக்க மாட்டார்னு நம்புறேன். கடைசி எட்டு வருஷம் சாருக்குக் காது சரியா கேக்கல."

அரங்கம் மூச்சை இழுத்தது. காதம்மாவின் கால் தரையில் இறங்கியது.

"எனக்கு மட்டும்தான் தெரியும். நம்மளோட இருக்கட்டும்னு சொல்லிட்டார். தினமும் மத்தியானம் ரெண்டு மணிலேருந்து நாலு மணி வரைக்கும் எனக்கு வகுப்பு. நான் பாடும்போது மேசை மேல உள்ளங்கைய வெச்சுக்கிட்டு என் முகத்தையே பார்ப்பார். தாடை இறுகினா சுருதி ஏறிடுச்சுன்னு சொல்வார். கழுத்து நரம்பைப் பார்த்தே மூச்சு எங்க குறையும்னு சொல்வார். ஒரு தடவைகூடத் தப்பா சொன்னதில்ல. அந்த ரெண்டு மணி நேரமும் அவருக்கு நான்தான் காது."

கைதட்டல் எழுந்தது. கணவர் விழித்துக்கொண்டு அவரும் தட்டினார், எதற்கென்று தெரியாமல், எல்லாரையும்விடப் பலமாக.

காதம்மா தட்டவில்லை. ரெண்டிலிருந்து நாலு. பதினாலில் ரெண்டு போனால் பன்னிரண்டு. இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. அவர் தூங்கவில்லை. வருஷக்கணக்கில், தினமும், அவள் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்ததைக் கழற்றி வைத்துவிட்டு இந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? பால்காரனிடமும் சொல்லியிருப்பார்.

பாடகி பாடினாள். காதம்மா குறை கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்பது வருஷத்தில் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அதுதான் வினை. குறை எதுவும் அகப்படவில்லை. குரல் மேலே போய் நின்றது, அசையாமல், எண்ணெய் விட்ட விளக்கு மாதிரி. நல்லாப் பாடுறாளே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அது பாட்டைக் கேட்டு வந்த அழுகை இல்லை.

இடைவேளை விட்டதும் எழுந்தாள். "டீ குடிச்சிட்டு இருங்க, வந்துடுறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. காதம்மாவை எப்போதுமே யாரும் கவனிப்பதில்லை, அன்றைக்கு அது உதவியாகப் போயிற்று.

பாடகி தனியாக, ஒரு வளைந்த நாற்காலியில், வெந்நீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு வருஷம் இல்ல" என்றாள் காதம்மா. "ஒன்பது."

"என்னது?"

"அவருக்குக் காது போய் ஒன்பது வருஷம். எட்டுன்னு மேடையில சொன்னீங்க. நான் காது டெஸ்ட் பண்றவ. அவர் போட்டிருந்த மிஷின் நான் போட்டது. உங்களுக்கு மட்டும் தெரியும்னு சொன்னீங்களே, அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பாடகியின் முகத்தில் ஈயாடவில்லை. குவளையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஓ" என்றாள். "செவ்வாய்க்கிழமை நீங்கதானா?"

இப்போது விழித்தது காதம்மா.

"மூணு மாசத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு கெடையாதும்பார். எங்க போறீங்க சார்னா சொல்ல மாட்டார். மறுநாள் வகுப்புல சிரிச்ச முகமா இருப்பார். யாரோ சிநேகிதி இருக்காங்க போலன்னு நெனச்சேன். ஒரு தடவை வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா? இவ்வளவு பாடி என்ன, அந்தச் சிரிப்பு என் பாட்டுக்கு ஒரு நாளும் வரலையேன்னு."

கதவோரம் நின்றிருந்த காதம்மா உள்ளே வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். "மிஷின் போட்டிருக்கார்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். வந்து உக்காந்ததும் கழட்டிச் சட்டைப் பையில போட்டுடுவார். மேடையில எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்." பாடகி தயங்கினாள். பிறகு, கொஞ்சம் வேண்டுமென்றே சொன்ன மாதிரிதான் இருந்தது: "அதைப் போட்டுக்கிட்டா என் பாட்டு தகரத்துல கேக்குற மாதிரி இருக்கும்பார்."

தகரம். எத்தனை சாப்பாட்டு நேரங்கள், எத்தனை புல்லாங்குழல்! காதம்மா எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனாலும் உட்கார்ந்தே இருந்தாள்.

"உங்ககிட்ட என்ன பேசுவார்?" என்று பாடகி கேட்டாள். குரலில் மேடைக் கம்பீரம் போயிருந்தது. "என்கிட்ட பாட்டைத் தவிர ஒண்ணும் பேச மாட்டார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பயந்தாரா? காது போச்சேன்னு என்னிக்காவது பயந்தாரா? கேக்கணும் கேக்கணும்னு இருந்து கேக்காமலே விட்டுட்டேன்."

காதம்மாவுக்கு விடை தெரியும். ஐந்தாவது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, கோடு இன்னும் கீழே இறங்கியிருப்பதைக் காட்டியபோது, அவர் மறுபடி கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே கேட்காது என்று நினைத்திருப்பார். உள்ளே நோயாளி பேசுவதைக் கேட்க ஒரு மைக் உண்டு, அது அணைக்கப்படாமல் இருந்தது. அவர் ஒரு பாட்டின் மேல்வரியைப் பாடிப் பார்த்தார். நிறுத்தினார். திரும்பப் பாடினார். அப்புறம் அழுதார். வளர்ந்த மனிதர்கள் அழுவதைப் போல இல்லை, தொலைந்துபோன குழந்தை கடைவீதியில் அழுவதைப் போல. காதம்மா கடைசி வரைக்கும் மைக்கை அணைக்கவில்லை. அவர் வெளியே வந்தபோது பேட்டரி எண்ணுவதைப் போல நடித்தாள்.

இதைச் சொன்னால் எதிரில் இருக்கிறவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"இல்ல" என்றாள். "பயமெல்லாம் இல்ல. சிரிச்சுக்கிட்டே இருப்பார்."

பாடகி தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா தெரியவில்லை. உள்ளே மணி அடித்தது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "உங்க பேரு?" என்று கேட்டாள்.

"காதம்மான்னு சொல்வாங்க."

"அவரும் அப்படித்தான் கூப்பிடுவாரா?"

"இல்ல. அவர் வெறுமனே அம்மான்னு கூப்பிடுவார்" என்று சொல்லும்போது காதம்மாவின் குரலில் கொஞ்சம் மிடுக்கு வந்துவிட்டது. என்ன செய்வது, வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கூண்டுக்குள் அழுததை மட்டும் விட்டுவிட்டாள். கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்பது வருஷமா ஒரு மனுஷன் உன்னைப் பார்க்க வந்துட்டுப் போறார். எனக்குத் தெரியாது."

"என்னைப் பார்க்கவா வந்தார்? காது பார்க்க வந்தார்."

"நீ புல்லாங்குழல் கேக்க ஆரம்பிச்சப்போ ஏதோ வயசுக் கோளாறுன்னு நெனச்சேன்" என்றார் அவர். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். காதம்மாவுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. தனக்காக ஒருத்தர் பொறாமைப்படுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, அந்த ரேடியோப் பேச்சுகள் புத்தகமாக வந்திருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். நாலு பக்கம் படித்துவிட்டு, "இந்த ஆளு கணக்கு நல்லா போடுறார்" என்றார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு ஒரு உறை வந்தது. பாடகியின் கச்சேரிக்கு இரண்டு சீட்டு, மூன்றாவது வரிசை. உறைமேல் கையெழுத்தில் காதம்மா என்றிருந்தது. கீழே டாக்டருக்கு எதுவும் வரவில்லை என்பதை அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து பாடகியின் எல்லாக் கச்சேரிக்கும் கணவரோடு போகிறாள். முடிந்ததும் பின்னால் போய்ப் பாடகியோடு அரை மணி பேசிவிட்டு வருவாள். அவர்களுக்குப் பேச இருப்பது ஒரே விஷயம். பாடகி இப்போது அவளை அக்கா என்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஆளுக்கு ஒரு சின்னச் செய்தியைப் பேராசிரியரைப் பற்றிக் கொடுத்துக்கொள்வார்கள்: கரகரப்புக்கு என்ன குடிப்பார், யாரைக் கண்டால் ஆகாது. கொடுக்கும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், இன்னும் என்ன வைத்திருக்கிறாய் என்பதைப் போல. போன வாரம் பாடகி ஏதோ சொல்ல வாயெடுத்து, "வேணாம், அப்புறம் சொல்றேன்" என்று நிறுத்திக்கொண்டாள். காதம்மா பஸ்ஸில் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். என்னவாக இருக்கும்? இறங்குவதற்காக எழுந்த ஒருத்தருக்கு வழிவிடக்கூட மறந்து, கணவர் முழங்கையால் இடிக்கும் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தாள்.